உதடு ஒட்டும் எழுத்து

பாட்டு வீடியோ எடுக்கலாம் என்று முடிவான நாளிலிருந்து ஒரு மாதம் நாங்கள் பேசியதெல்லாம் கேமராவைப் பற்றித்தான். எந்த லென்ஸ், கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கிற கருவி) வேண்டுமா, ட்ரோனுக்கு ஆள் கிடைப்பானா. எடுக்கிற இடத்தில் பாட்டை எதில் போடப் போகிறோம் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் எங்களைப் படுத்தியெடுத்தது முக்கால்வாசி அந்தப் பாட்டுதான். கேமரா பாவம், சொன்னதைச் செய்தது.

நடந்தது 2022 பிப்ரவரியில். பாளையங்கோட்டையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு. நாங்கள் ஆறு பேர். வகுப்பில் ஒருத்தன் பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தான். டவுனில் துணிக்கடை வேலை முடிந்து வருகிற ஒருத்தன், ஊருக்குப் போகும் கடைசி மினி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீடு போய்ச் சேர்கிறான். அவ்வளவுதான் கதை. 'போன பஸ்ஸு போகட்டும்' என்று பல்லவி தொடங்கும். நிமிடத்துக்கு 92 தாள அடி வேகம், நாலு அடி கொண்ட 88 தாள வட்டம், மொத்தம் 3 நிமிடம் 49 விநாடி. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதே எண்கள்தான் எங்களை உலுக்கின.

நான் இப்போது கல்யாண வீடியோ எடிட்டிங்கில் சோறு சாப்பிடுகிறேன். மாதம் ஒருமுறையாவது ஏதாவது ஒரு கல்லூரித் தம்பி பாட்டு வீடியோ எடுத்துவிட்டு, 'அண்ணா, உதடு ஒட்டவே மாட்டேங்குது' என்று, அதாவது வாயசைவு பாட்டோடு பொருந்தவில்லை என்று, பென் டிரைவோடு வந்து நிற்கிறான். அவனுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு 12,000 சேர்த்தோம். சோனி ஏ7-III கேமரா ஒன்று, இரண்டு லென்ஸ், ஒரு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி), இரண்டு நாள் வாடகை 5,200. சாப்பாடும் டீயும் 3,100. பெட்ரோல், ஆட்டோ 1,150. மைக் செட் 1,000. மினி பஸ்ஸுக்கு டீசல் 700. இரண்டு பேட்டன் லைட்டும் (நீளக் குழல் விளக்கு) ஒயரும் 450. மீதி 400. சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்து முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் சம்பளம் இல்லாமல் வெயிலில் நிற்கிறவனுக்குப் பரோட்டாவில் கஞ்சத்தனம் பார்த்தால் மத்தியானத்துக்கு மேல் அவன் முகமே மாறிவிடும், அது க்ளோஸப்பிலும் தெரியும். அந்த 3,100-ஐக் குறைக்க இன்றைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

திட்டமிடல் என்று நாங்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: வரித்தாள். ஒரு நீளத் தாளில் இடது ஓரம் விநாடி, அடுத்து பாட்டு வரி, அடுத்து இடம், அடுத்து ஷாட் எவ்வளவு நெருக்கம் என்று கட்டம் போட்டோம். ஒவ்வொரு வரிக்கும் குறைந்தது இரண்டு இடத்தில் எடுத்த ஷாட் இருக்க வேண்டும் என்று விதி. எடுத்து முடித்ததும் பச்சைப் பேனாவால் டிக். அது நன்றாகவே வேலை செய்தது. ஒரே ஓட்டை, பாட்டு வரிகளை மட்டும் எழுதினோம், இடையிசையை எழுதவில்லை. முதல் சரணத்துக்கு முன்னால் 22 விநாடி வெறும் புல்லாங்குழல். அதற்கு எங்களிடம் ஒரு ஷாட்டும் கிடையாது. இன்றைக்கும் அந்த வீடியோவில் அந்த 22 விநாடி முழுக்கச் செருப்புதான் நடக்கும்.

இடம் பிடிப்பதற்கு அதிகம் அலையவில்லை. குறுக்குத்துறைப் பக்கம் தாமிரபரணிப் படித்துறை ஒன்று, கல்லூரியில் ஒரு பழைய வகுப்பறை, மினி பஸ் நிற்கும் ஷெட். கல்லூரி லெட்டர்பேடில் துறைத் தலைவர் கையெழுத்தோடு கடிதம் வாங்கி, ஒரு நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் பையில் வைத்துக்கொண்டோம். கோயிலுக்குள் எடுக்க ஆசைதான். அது அறநிலையத்துறை வரைக்கும் போகிற வேலை என்பதால் கோபுரத்தைத் தூரத்தில் மட்டும் வைத்துக்கொண்டோம். எங்கள் குழுவில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி ஹாஸ்டல். பஸ் ஷெட் ஷூட்டிங் இரவில் என்பதால் அவள் வீட்டிலிருந்து அவள் அப்பா வார்டனிடம் போனில் பேச வேண்டியிருந்தது. 'ஒன்பது மணிக்கு பிள்ளை ரூம்ல இருக்கணும்' என்றார் வார்டன். எட்டே முக்காலுக்கு விட்டோம். இதையெல்லாம் கடைசி நேரத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கடைசி நேரத்தில் கதாநாயகி இல்லாமல் நிற்பார்கள்.

சரி, பாட்டு போடுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஒத்திகைக்கு ஆற்றங்கரைக்கு ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுபோனோம். அறையில் காது கிழிகிற சாமான், ஆற்றங்கரையில் கொசு மாதிரி முனகியது. காற்று, தண்ணீர், பாலத்தில் லாரி. நாலு அடி தள்ளி நின்ற பாடகனுக்கே கேட்கவில்லை. அவன் மனசுக்குள் பாடிக்கொண்டு வாயசைத்தான், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேகத்தில்.

சினிமா செட்டில் இதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவிடுகிற கருவியை வெகுகாலமாக 'நாக்ரா' என்றே சொல்வார்கள். ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-ல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய டேப் ரெக்கார்டரின் பெயர் அது. அவர் போலந்துக்காரர், அந்த மொழியில் அதற்கு 'பதிவு செய்யும்' என்று பொருள். இங்கே வந்து அது ஒலிக்கவிடும் வேலைக்கும் பெயராகிப் போனது. எங்களுக்கு நாக்ராவும் கிடையாது, ஆளும் கிடையாது. ஆனால் கொடை விழாவுக்கு மைக் செட் கட்டுகிற அண்ணாச்சி ஒருவர் தெரிந்தவர். ஒரு பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், பேட்டரியோடு இன்வெர்ட்டர், ஒரு நாளைக்கு 500.

'கோயில் பாட்டா தம்பி?'

'இல்ல அண்ணாச்சி, எங்க சொந்தப் பாட்டு.'

'எத்தனை பாட்டு?'

'ஒரே பாட்டுதான், திரும்பத் திரும்ப.'

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் கொடுத்த ஒரு யோசனை தங்கம். 'முழுப் பாட்டா வச்சுக்கிட்டு நடுவுல தேடாதீங்க. துண்டு துண்டா நறுக்கி வச்சுக்கோங்க' என்றார். அன்றிரவே ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் பாட்டைப் பல்லவி, சரணம் ஒன்று, சரணம் இரண்டு, முடிவு என்று நறுக்கினோம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் முந்தைய இசையிலிருந்து இரண்டு தாள வட்டம், அதற்கும் முன்னால் நாலு 'டிக்'. பாடுகிறவனுக்கு எங்கே மூச்சு எடுப்பது என்று அந்த டிக் சொல்லிக்கொடுக்கும். எடிட்டிங்கில் அதே டிக் ஒலியின் அலைவடிவத்தில் நாலு ஆணி அடித்தது மாதிரி நிற்கும், பிடித்துக்கொள்ள வசதி.

முதல் நாள் காலை ஆறரைக்குப் படித்துறையில் தொடங்கினோம். முதலில் முழுப் பாட்டையும் ஒரே ஓட்டமாக மூன்று முறை: தூரத்தில், இடுப்பு வரை, முகம். இதைச் செய்யாமல் நேராக அழகு ஷாட்டுக்குப் போகிறவர்கள்தான் என்னிடம் பென் டிரைவோடு வருகிறார்கள். முழு ஓட்டம் ஒன்று கையில் இருந்தால் வேறு எதுவும் சரியாக வராவிட்டாலும் அதை வைத்து வீடியோவை முடித்துவிடலாம். தாம்புக்கயிறு மாதிரி.

பாடகனிடம் ஒன்று சொல்லிவைத்தோம்: வாயசைக்காதே, நிஜமாகவே கத்திப் பாடு. அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கப் போவதில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைப்பதும், வரிக்கு முன்னால் மார்பு ஏறுவதும் பாடினால் மட்டும்தான் வரும். அவன் கூச்சப்பட்டான். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி, 'ஒரே பாட்டப் போட்டுக் கொல்லுதியளே, ஒழுங்காத்தான் பாடித் தொலையேண்டே' என்று ஒரு போடு போட்டதும் கூச்சம் போய்விட்டது.

அப்புறம் மெதுவோட்டம், அது இரண்டாம் நாள் எடுத்தது. முகம் மெதுவாக நகர வேண்டும், ஆனால் உதடு பாட்டோடு ஒட்ட வேண்டும். இதற்குள்ள தந்திரம் பழையது: பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, விநாடிக்கு 50 ஃப்ரேமில் (ஃப்ரேம் என்றால் ஒரு தனிப் படம்) எடுத்து, 25-ல் ஓட்ட வேண்டும். 92 அடி 184 ஆகிறது. ஆடாசிட்டியில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றலாம், இல்லாவிட்டால் பாட்டு அணில் குரலில் வரும். 'போன பஸ்ஸு போகட்டும்' அந்த வேகத்தில் நாக்கைக் கடிக்க வைத்தது. பதினேழு டேக். இதற்கு எழுத்து எழுத்தாக முந்தைய நாளே பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அந்தக் கேமராவில் 50 ஃப்ரேம் வேண்டுமென்றால் 4கே கிடையாது, ஃபுல் எச்டிதான் என்பது வேறு அங்கே போய்த்தான் தெரிந்தது.

மத்தியான வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகர்வு இயல்பாகத் தெரிய 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50 விநாடி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 என்று வைத்தால் சுமார் 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தை வெட்டியாக வேண்டும், அதாவது என்டி 64. நாங்கள் யூடியூபில் பார்த்ததை நம்பி லாக்கில் (பின்னால் கலர் மாற்றுவதற்காக மங்கலாகப் பதிகிற முறை) வேறு எடுத்தோம். அந்தக் கேமராவில் எஸ்-லாக் என்றால் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காது. இன்னும் 3 ஸ்டாப் கூடுதல். கையில் இருந்த திருகும் ஃபில்டரைக் கடைசி வரை திருகியதில் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு விழுந்தது. போதாததற்கு அது 8 பிட் கேமரா, நிறப் படிகள் குறைவு, கலர் மாற்றும்போது வானம் படி படியாக உடைந்தது. மாணவர்கள் லாக் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி. சாதாரண ப்ரொஃபைலில், வெளிச்சத்தைப் பார்த்து எடுத்தால் பாதி வேலை மிச்சம்.

வகுப்பறையில் டியூப் லைட். மானிட்டரில் பார்த்தால் படம் முழுக்க வரி வரியாக ஏறி இறங்குகிறது. வாடகைக் கேமரா என்டிஎஸ்சியில் (விநாடிக்கு 30, 60 ஃப்ரேம் எடுக்கிற முறை) இருந்தது, காலையில் இருந்தே. அதாவது நாங்கள் 25 என்று நினைத்து எடுத்ததெல்லாம் 30, ஷட்டர் 1/60. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100-ல் இருந்தால் மினுக்கல் தெரியாது, 1/60-ல் தெரியும். 25, 50 ஃப்ரேம் எடுக்கிற பால் (PAL) முறைக்கு மாற்றினோம். மாற்றினால் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்கிறது. எடுத்ததை லேப்டாப்பில் ஏற்றி, இரண்டு முறை சரிபார்த்து, ஃபார்மட் செய்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போனது. காலையில் எடுத்ததில் வெளிச்சம் நன்றாக இருந்ததால், அடுத்த நாள் விடிய மறுபடியும் படித்துறைக்கே போய் முழு ஓட்டத்தை 25-ல் திரும்ப எடுத்தோம். ஆச்சி அன்றைக்கும் இருந்தார். 'இன்னும் முடியலையா?' வாடகைக் கேமரா கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸை அல்ல, மெனுவை.

அன்றைக்குத்தான் தூரத்து ஷாட்டையும் எடுத்தோம். கேமராவை அக்கரைக்குக் கொண்டுபோய், பெரிய லென்ஸ் போட்டு, படித்துறையில் நிற்கிற பாடகன், அவன் பின்னால் கோபுரம், இடது ஓரத்தில் ஆச்சி துணி துவைக்கிறார். பெட்டி பாடகன் காலடியில், ஃப்ரேமுக்கு வெளியே. அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகினார். இக்கரைச் சத்தம் அக்கரைக் கேமரா மைக்கில் லேசாக ஏறியது. பாடகனுக்குப் பக்கத்தில் ஒரு போனையும் ஸ்டாண்டில் வைத்து அதே டேக்கை அதிலும் எடுத்தோம். எல்லாரும் கைதட்டினோம். அந்த வீடியோவின் முகமே அந்த ஷாட்தான் என்று அப்போதே தெரிந்தது.

பஸ் ஷெட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மினி பஸ் உரிமையாளர் கடைசி ட்ரிப் முடிந்து இரண்டு மணி நேரம் கொடுத்தார். உள்ளே கலர் கலராக ஓடுகிற சீரியல் லைட்டை அவருக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டினார். கேமராவில் அது கறுப்புப் பட்டை பட்டையாக ஓடியது. அது பேட்டரியில் ஓடுகிற லைட், 50 ஹெர்ட்ஸ் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஷட்டரை என்ன மாற்றியும் போகவில்லை. அவர் மனம் நோகாமல் அணைத்துவிட்டு, எங்கள் பேட்டன் லைட் இரண்டை ஜன்னலுக்கு வெளியே பிடித்து நகர்த்தினோம். நிற்கிற பஸ் ஓடுகிற மாதிரி ஆனது. ஒருத்தன் பின்னால் நின்று பம்பரை உலுக்கிக்கொண்டே இருந்தான்.

எடிட்டிங் தொடங்கிய இரவுதான் உண்மையான கதை.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு, 8 ஜிபி ராம் லேப்டாப். 4கே கோப்பைப் போட்டதும் அது மூச்சுவாங்கியது. எல்லாவற்றுக்கும் சின்ன அளவில் ப்ராக்ஸி (நகல் கோப்பு) போட்டு ஓட்டினோம். முதல் தலைவலி போன் ஷாட். பல்லவியில் சரியாக ஒட்டுகிறது, முடிவுக்கு வரும்போது விலகிவிடுகிறது. போன்கள் பெரும்பாலும் ஃப்ரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவு செய்யும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான 25-க்கு மாற்றியதும் போன் ஷாட் கடைசி வரை ஒட்டியது. இது பத்து நிமிட வேலை, தெரியாததால் ஒரு ராத்திரி போனது.

அடுத்தது அக்கரை ஷாட். கேமராவில் பதிந்த லேசான சத்தத்தை வைத்துப் பாட்டோடு பொருத்தினோம். தானாகப் பொருத்துவது தோற்றது. கையால் டிக்கோடு டிக் வைத்துச் சரியாகவே பொருத்தினோம். ஓட்டிப் பார்த்தால் உதடு ஒட்டவில்லை. பாட்டு வருவதற்கு முன்னாலேயே வாய் மூடுகிறது. இந்த இடத்தில் ஒரு கை வைத்தியம் சொல்கிறேன். உதடு ஒட்டுகிறதா என்று பார்க்க முழு வரியையும் பார்க்காதீர்கள். 'ப', 'ம' வரும் இடத்தை மட்டும் பாருங்கள். பள்ளியில் தமிழய்யா சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கும், இரண்டு இதழும் இயைந்தால்தான் அந்த எழுத்துப் பிறக்கும். 'போன'வின் 'ப' ஒலிக்கிற ஃப்ரேமுக்கு முந்தைய ஃப்ரேமில் உதடு மூடியிருக்க வேண்டும். எங்கள் பல்லவியில் ஒரே வரியில் மூன்று 'ப'. மூன்றிலும் உதடு முன்னாலேயே மூடித் திறந்துவிடுகிறது.

'இவன் அவசரப்பட்டுப் பாடியிருக்கான்' என்று கேமராக்காரன் சொன்னான். பாடகன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அதே டேக்கின் போன் ஷாட்டைப் போட்டுப் பார்த்தோம். அதில் அச்சாக ஒட்டுகிறது. ஆக அவன் தப்பு இல்லை. பிறகு கேமராவைச் சந்தேகப்பட்டோம், கார்டைச் சந்தேகப்பட்டோம், சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டோம். மணி இரண்டரை.

கண்டுபிடித்தது எங்களில் யாருமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சும்மா அந்த ஷாட்டைப் பாட்டில்லாமல் அதன் சொந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் ஆச்சி ஈரத் துணியைத் தலைக்கு மேலே தூக்கிக் கல்லில் அடிக்கிறார். தண்ணீர் சிதறுகிறது. அப்புறம், கொஞ்சம் கழித்து, 'தப்' என்று சத்தம். மறுபடி தூக்குகிறார், அடிக்கிறார், சிதறுகிறது, அப்புறம் 'தப்'. ஆற்றங்கரையில் வளர்ந்த எல்லாருக்கும் இது தெரியும். அக்கரையில் துவைக்கிறவரின் அடி முதலில் தெரியும், சத்தம் நடந்து வரும். சின்ன வயசில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எடிட்டிங் டேபிளில் மறந்துவிட்டது.

துணி கல்லில் படுகிற ஃப்ரேமிலிருந்து அலைவடிவத்தில் 'தப்' எழும்புகிற ஃப்ரேம் வரை எண்ணினேன். ஆறு. அடுத்த அடிக்கும் ஆறு. அதற்கடுத்ததற்கும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும், 25-ல் ஒரு ஃப்ரேம் 0.04 விநாடி, ஆக ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 13.6 மீட்டர். போன் மேப்பில் அளந்தால் கேமராவுக்கும் படித்துறைக்கும் 82 மீட்டர். வகுத்தால் ஆறு ஃப்ரேம். பாட்டும் அதே தூரத்திலிருந்துதான் ஆறு ஃப்ரேம் தாமதித்து மைக்குக்கு வந்திருக்கிறது. அதை நம்பிப் பொருத்தியதால் படம் ஆறு ஃப்ரேம் முந்திவிட்டது. ஷாட்டை ஆறு ஃப்ரேம் வலது பக்கம் தள்ளினேன். 'போன'. உதடு மூடியது, திறந்தது, பாட்டு வந்தது. கோபித்துப் போனவனுக்கு அந்த நேரத்தில் போன் போட்டுச் சொன்னோம். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பத்து மீட்டருக்குள் எடுக்கிற ஷாட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். அதற்கு மேலே போனால் பெட்டிக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை வரித்தாளில் எழுதி வையுங்கள். முடிந்தால் பாடகனையே ஒரு தடவை உரக்கக் கைதட்டச் சொல்லுங்கள். கை சேர்வதற்கும் சத்தம் ஏறுவதற்கும் நடுவே எத்தனை ஃப்ரேம் என்று எண்ணிக்கொள்ளலாம். எல்லா ஊரிலும் ஆச்சி இருக்க மாட்டார்.

எல்லாம் பொருந்தி, முதல் வெட்டு முடித்து, மெட்டுப் போட்டவனுக்குக் காட்டினோம். அவன் அன்றைக்கு ஃபைனல் மிக்ஸ் கொண்டுவந்திருந்தான். பழைய பாட்டை எடுத்துவிட்டு அதைப் போட்டோம். முதல் வரி சரி. இரண்டாவது வரியில் லேசாக ஆட்டம். சரணத்துக்கு வருவதற்குள் படம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பாட்டின் நீளம் 3 நிமிடம் 44 விநாடி ஆகியிருந்தது.

'ஸ்பீடை மாத்துனியா?'

'92 கொஞ்சம் தூங்குற மாதிரி இருந்துச்சு. 94 வச்சேன். ரெண்டுதானே?'

ரெண்டுதான். ஒரு தாள வட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஃப்ரேம். 88 வட்டத்துக்குக் கிட்டத்தட்ட 5 விநாடி. அவனை அடிக்காமல் விட்டதற்குக் காரணம், தப்பு எங்கள் மேலும் இருந்தது. பாட்டு முடிந்துவிட்டதா, இனி கை வைக்க மாட்டாயா என்று அவனிடம் ஷூட்டிங்குக்கு முன்னால் யாருமே கேட்கவில்லை. எங்களிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய ஒரு எம்பி3. மிக்ஸில் வயலின் கூடலாம், குறையலாம், குரலை மறுபடி சுத்தம் செய்யலாம். வேகமும் வரிசையும் மட்டும் ஷூட்டிங்குக்குப் பிறகு நகரக் கூடாது. இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, பாட்டு என்ன வேகம், அதை எழுதிக் கொடுத்தானா என்பதுதான்.

அவன் 92-க்குத் திரும்ப மறுத்தான். கேட்டால் 94 நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் கடுப்பு. 94-ஐ 92-ஆல் வகுத்தால் 1.0217. பாடுகிற எல்லாத் துண்டுக்கும் வேகம் 102.17 சதவீதம் வைத்தோம். இரண்டு சதவீத வேகம் முகத்தில் தெரியாது. 46, 47 ஃப்ரேமுக்கு ஒன்று விழுந்துபோகும், கேமரா பக்கவாட்டில் நகர்கிற ஷாட்டில் மட்டும் லேசாகத் தட்டும். அந்த இரண்டு ஷாட்டைத் தூக்கிவிட்டு வேறு போட்டோம். வாழ்க்கையில் வகுத்தல் கணக்கு உதவிய அபூர்வ நாள்.

வெட்டுவதில் நான் கற்றது கொஞ்சம்தான். முழு ஓட்டம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மல்டிகேமில் வைத்து, பாட்டு ஓட ஓட டிவி டைரக்டர் மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்ததில் எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு தாள அடியிலும் வெட்டினேன், பிரமாதமாக இருப்பதாகத் தோன்றியது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் தையல் மிஷின். நாலைந்து வெட்டுக்குள் கண் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்துவிடுகிறது, அப்புறம் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு அடுத்த வெட்டுக்குக் காத்திருக்கிறது. பாடகன் மூச்சு இழுக்கிற இடத்தில் வெட்டிப் பார்த்தேன். அது நின்றது. அவனைக் கத்திப் பாடச் சொன்னதன் பலன் அங்கேதான் கிடைத்தது. மூச்சு தெரியாத முகத்தில் எங்கே வெட்டினாலும் ஒட்டுப்போட்டது மாதிரிதான் இருக்கும். அக்கரை ஷாட்டை எங்குமே வெட்டாமல் 14 விநாடி விட்டேன். கேமராக்காரன் நீளம் என்றான். நீளம்தான்.

கோப்பை ஏற்றும்போது இரண்டு விஷயம். துறைத் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினோம். அது நசுக்கிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு 'ஏன்பா இவ்வளவு மங்கல்?' என்றார். கோப்பாக அனுப்புங்கள், அல்லது டிரைவ் இணைப்பு கொடுங்கள். இரண்டாவது, புல்லாங்குழலுக்குக் கீழே ஓடிய தாளம் இணையத்தில் எடுத்த லூப். எங்களுக்கு முன்னால் அதே லூப்பை வைத்து யாரோ பாட்டு வெளியிட்டிருந்தார்கள், யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்தது. லூப்பின் உரிமத்தைச் சேமித்து வைத்திருந்ததால் மறுப்பு அனுப்பி முடித்தோம். சேமித்து வைத்தது திட்டமிட்டு அல்ல, டவுன்லோடு ஃபோல்டரை மெட்டுப் போட்டவன் ஒருநாளும் காலி செய்ததில்லை.

வெளியான அடுத்த வாரம் போனை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனோம். ஷூட்டிங் அன்றைக்கே ஆச்சியிடம் கேட்டுத்தான் ஃப்ரேமில் வைத்திருந்தோம், முடிந்ததும் காட்டுகிறோம் என்றும் சொல்லியிருந்தோம். ஆச்சி கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பல்லவி, சரணம் எல்லாம் சலனமில்லாமல் பார்த்தார். அக்கரை ஷாட் வந்தது. அவர் துணியைத் தூக்குகிறார், அடிக்கிறார், தண்ணீர் சிதறுகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

'நான் அடிச்ச சத்தம் எங்கடே?'

'பாட்டு போகுதுல்லா ஆச்சி, அதனால எடுத்துட்டோம்.'

'அடிச்சா சத்தம் வராண்டாமா?' என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணிக்குத் திரும்பிவிட்டார்.

கல்லூரி விழாவுக்குக் கொடுத்த பிரதியில் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் நாலு விநாடி கறுப்பு வைத்தோம். அதில் ஆச்சியின் அடி மூன்று வரும். மூன்றாவது 'தப்'போடு படம் திறக்கும், அக்கரையிலிருந்து. அந்தச் சத்தத்தை மட்டும் ஆறு ஃப்ரேம் முன்னால் நகர்த்தாமல், வந்த மாதிரியே விட்டுவிட்டேன்.